சரியாக இருப்பதற்கு ஸ்டிக்கர் கிடையாது

என்னைத் தொழிற்சாலையில் அம்பக்கா என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அந்தத் தைரியம் அங்கே ஒருத்திக்கும் கிடையாது. நான் கழிவறைக்குள் இருந்தபோது வெளியே கை கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், "அம்பக்கா இன்னிக்கு என்ன மூடுல இருக்கு?" "அது என்னிக்குடி நல்ல மூடுல இருந்துச்சு?" என்று பேசிக்கொண்டதில் தெரிந்துகொண்டேன். கதவைத் திறந்து வெளியே வந்து, "குழாய ஒழுங்கா மூடுங்க, சொட்டுது" என்று மட்டும் சொன்னேன். இரண்டும் பேயறைந்த மாதிரி நின்றன. குழாய் உண்மையிலேயே சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் இடம் அது. தைத்து முடித்ததெல்லாம் என் மேஜைக்கு வரும். காலரில் ஆரம்பித்து, தோள், கைக்குழி, பட்டன் பட்டி, கை நுனி, கீழ் மடிப்பு என்று ஒரே சுற்று. விரலும் கண்ணும் சேர்ந்தே ஓடும். எங்கேயாவது தையல் தாண்டியிருந்தால், நூல் தொங்கினால், எண்ணெய்க் கறை தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். அம்பு ஒட்டிய சட்டை ஆல்டருக்குப் போகும், அதாவது தைத்தவளிடமே திரும்பிப் போகும். அவள் அந்த இடத்தைப் பிரித்துச் சரிசெய்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு அம்பையும் தாளிலிருந்து உரித்துக்கொண்டிருந்தால் வேலை நகராது. அதனால் காலையிலேயே ஒரு கொத்து உரித்து, உடுப்புக்கு மேலே நான் மாட்டிக்கொள்ளும் பழைய முழுக்கைச் சட்டையின் இடது கையில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்வேன். கை முழுக்க அம்பு. அக்கா அம்பக்கா ஆனது அப்படித்தான்.

சரியாக இருக்கும் சட்டைக்கு என்ன ஒட்டுவீர்கள் என்று கேட்டால், ஒன்றும் ஒட்டமாட்டோம். மடித்து அந்தப் பக்கம் தள்ளிவிடுவோம். சரியாக இருப்பதற்கு ஸ்டிக்கர் கிடையாது.

நான் பிறக்கும்போதே செக்கர் இல்லை. முதலில் தையல் மெஷினில்தான் உட்கார்ந்தேன். வெட்டிக் கொடுத்த துணி கோணல், பக்கத்து மெஷின்காரி தையல் கோணல், விளக்கு வெளிச்சம் மங்கல், கத்தரிக்கோல் மொண்ணை என்று தினமும் போய் நின்றதில் சூப்பர்வைசருக்கு மண்டை காய்ந்துபோனது. "இவ்வளவு குறை கண்ணுல படுதுன்னா நீ அந்த மேஜையில உக்காரும்மா" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக என்னைச் செக்கிங்குக்கு மாற்றினார். தொல்லையை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு அதற்குப் பதவி உயர்வு என்று பெயர் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கக்கூட உலகத்தில் ஆள் இருக்கிறது பாருங்கள்!

சிக்கல் என்னவென்றால், மணி அடித்ததும் அடையாள அட்டையைக் கழற்றிவிடலாம், கண்ணைக் கழற்ற முடியாது. அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கு வருவேன். வீட்டில் என் கண்ணுக்கு அகப்படுவதற்கென்றே ஒரு மனுஷர் இருந்தார்.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை பார்க்கிறார். கையில் ஒரு சுத்தியலோடு பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டுவார். சத்தத்தை வைத்தே காற்று எவ்வளவு, எங்கே அடி வாங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பார். அவரும் செக்கர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேய்ந்த டயரைப் பார்த்தால் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "இது இன்னும் ஓடும்." வீட்டிலும் அதே பாட்டுதான். கைப்பிடி போன வாணலி, அறுந்த செருப்பு, மழைக்கு ஊறிய கதவு, எல்லாம் இன்னும் ஓடும். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணப் பேச்சுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பார்த்தேன். மற்ற பட்டனெல்லாம் வெள்ளை நூல், அது மட்டும் பழுப்பு நூல். அவசரத்தில் தானே தைத்திருக்கிறார். வேறு யாராவது என்றால் பாவம், மனுஷர் நமக்காக உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டு வந்திருக்கிறாரே என்று நினைத்திருப்பாள். நான், இவருக்கு நிறம் தெரியாது போலிருக்கிறது, நாளைக்குப் பிள்ளைகளுக்கும் கண் கோளாறு வருமோ என்று யோசித்தேன். பிறந்தது ஒரே பெண். அவளுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் போன் செய்தால் நான் முதலில் சொல்லும் வார்த்தை, "என்னடி ஆச்சு?" "ஒண்ணும் ஆகலம்மா, சும்மா பேசலாம்னுதான்" என்பாள். ஒன்றும் ஆகாமல் யாராவது போன் செய்வார்களா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருப்பேன்.

அவர் வேலை முடிந்து கொஞ்சம் தாமதமாக வந்தால் வழியில் விபத்து. வாசலில் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் நான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, காப்பாற்ற முடியாமல் போய், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது வரைக்கும் போய்விடுவேன். அவர் முழுசாக உள்ளே வந்ததும் சந்தோஷம் வர வேண்டுமா இல்லையா? வராது. அத்தனை அழுகையும் வீணாய்ப் போன எரிச்சல்தான் வரும். "வர்ற நேரமா இது?" என்று விழுவேன். சீக்கிரம் வந்தால் வேலை போய்விட்டது. பேசாமல் இருந்தால் என் மேல் கோபம். சிரித்துப் பேசினால் எதையோ பூசி மெழுகுகிறார். அந்த மனுஷர் எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னிடம் ஒரு அம்பு தயாராக இருந்தது.

இதில் இன்னொரு கூத்து. சில வருஷங்களாக அவர் எனக்குத் தெரியாமல் வீட்டில் ஏதாவது ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். நான் வேலை விட்டு வருவேன். படுக்கையறைக் கதவு தரையில் இடிக்காமல் திறக்கும். சமையலறைக் குழாயில் புது வாஷர் இருக்கும். ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் கால் ஆடாது. ஜன்னல் கொக்கி தானாக விழாது. "யாரு செஞ்சது?" என்றால், "நான்தான்." "எதுக்கு இப்ப?" என்றால், "சும்மாதான்."

சும்மாதானாம்! இன்னும் ஓடும் என்று சொல்கிற மனுஷர், யாரும் கேட்காமல் சும்மா கதவை இழைப்பாரா? என் மூளை ராத்தூக்கம் இல்லாமல் வேலை செய்தது. முதலில், ஏதோ தப்பு செய்துவிட்டு அதற்கு ஈடுகட்டுகிறார் என்று தோன்றியது. அப்புறம் அதைவிட நல்லதாக ஒன்று கிடைத்தது: இவர் போகப்போகிறார். போகிற ஆள்தான் பின்னால் பேச்சு வரக்கூடாது என்று எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிட்டுப் போவார். குழாய் ஒழுகுவது நிற்க நிற்க எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. திருடனிடம் போய், பூட்டை அழகாகத் திறந்தீர்கள் என்றா சொல்வார்கள்?

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் எனக்கென்று ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்தார். நீல நிறம், மரப்பிடி. மழை நாள், என் பழைய குடையில் ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையில் வாங்கினேன். விரித்தேன். விரல் தானாக ஓரத்தைச் சுற்றி ஓடியது.

"இங்க பாருங்க, ரெண்டு இடத்துல தையல் தாண்டியிருக்கு" என்றேன்.

"அப்படியா?" என்றார்.

"திடீர்னு எதுக்குக் குடை? என்ன விஷயம்?"

"மழை பெய்யுதும்மா" என்றார். அவ்வளவுதான். போய்க் கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். நான் குடையை மடித்துப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, வேலைக்குப் போட்டுப்போன அந்த முழுக்கைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் காய்ந்த துணிகளை மடித்தேன். இந்தத் துணி மடித்த விஷயம் பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மறுநாளிலிருந்து அவர் பேச்சு குறைந்தது. கேட்டதற்குப் பதில், போட்டதைச் சாப்பிடுவது. நானும் வீம்புக்குப் பேசவில்லை. அந்த வார முடிவில், அரை நாள் வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் நாத்தனார் வந்தாள். அவருடைய அக்கா, அவள் மகன் அதே டிப்போவில் கண்டக்டர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா, தம்பி மலை டிப்போவுக்குப் போறானாமே?"

"யாரு தம்பி?"

"எனக்கு எத்தன தம்பி இருக்கான்? உன் புருஷன்தான்! யாரும் போக மாட்டேன்னு சொல்ற இடம். ஃபோர்மன் யாரு போறீங்கன்னு கேட்டதுக்கு இவன் கையத் தூக்கியிருக்கான். நாளைக்குக் காலையில டயர் லாரி கிளம்புதாம், அதுலயே போறானாம். உன்கிட்ட சொல்லலையா?"

தேநீர் போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்த் திரும்பினேன். ஆனால் பாருங்கள் என் புத்தியை. அந்தக் கலக்கத்துக்கு நடுவிலும் ஒரு ஓரத்தில், 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு திருப்தி எட்டிப் பார்த்தது. என் வாழ்க்கை மூழ்குகிறது, எனக்கு என் கணக்கு சரியாக வந்ததில் பெருமை.

"அண்ணி, அங்க யாராவது இருக்காங்களா?" என்றேன்.

"யாரு?"

"யாராவது... பொம்பள."

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அங்க பனியும் அட்டையும்தான் இருக்கு. முட்டையில மயிர் புடுங்குற பொண்டாட்டிக்கு அட்டையே தேவலன்னு நெனச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு, நான் வைத்த தேநீரைக் குடிக்காமலே போய்விட்டாள்.

அவள் போனதும் அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்து மேஜையில் போட்டேன். காலர், தோள், கைக்குழி, பட்டன் பட்டி, பை. வேறு நிற முடி, வேறு வாசனை, ஏதாவது. என் வேலையில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான சட்டைகளை நான் பார்த்ததில்லை. ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பொறுக்க முடியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு நேராக டிப்போவுக்கு நடந்தேன்.

டயர் பிரிவு டிப்போவின் பின்பக்கம். ரப்பர் வாசனை, தரையெல்லாம் கரி. அவர் ஒரு பஸ்ஸின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்தில் பேட்டரி பிரிவுக்காரர் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரோடு எழுந்து அந்தப் பக்கம் போனார். ஆனால் காது கேட்கிற தூரத்திலேயே நின்றுகொண்டார்.

"மலைக்குப் போறீங்களா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுக்கவில்லை. "ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? நான் என்ன தப்பு பண்ணேன்? வேற யாராவது இருந்தா நேரா சொல்லிட்டுப் போங்க!"

"வேற யாரு?" என்று விழித்தார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நீதானேம்மா ஒட்டின."

"என்னத்த ஒட்டினேன்?"

எழுந்துபோய்த் தன்னுடைய இரும்பு அலமாரியைத் திறந்தார். கீழே அவருடைய துணிப்பை. எனக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார். இத்தனை கண் இருந்து என்ன பிரயோஜனம், பாருங்கள். கதவின் உள்பக்கம், மற்றவர்கள் பிள்ளைகள் படம் ஒட்டும் இடத்தில், ஒரு சிவப்பு அம்பு.

"குடை வாங்கிட்டு வந்தேன்ல, அதுக்கு மறுநாள். நான் பாட்டுக்கு வேலை பாத்துட்டிருக்கேன், எல்லாரும் சிரிக்கிறாங்க. முதுகுல இது ஒட்டியிருக்கு. நேரா என் தலையக் காட்டிக்கிட்டு. பேட்டரிக்காரரோட சம்சாரமும் உங்க கம்பெனிதான். 'என்னய்யா, வீட்டுல உன்ன ஆல்டருக்கு அனுப்பிட்டாங்களா?'ன்னு கேட்டாரு."

அந்தப் பக்கம் பேட்டரிக்காரர் இருமினார்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் இவர். "நீ கதவுல ஒட்டியிருந்த, கதவ இழைச்சேன். குழாயில ஒட்டியிருந்த, வாஷர் மாத்தினேன். நாற்காலில ஒட்டின, ஜன்னல்ல ஒட்டின. வாயத் திறந்து சொன்னா சண்டை வரும்னு ஒட்டிக் காட்டுறியேன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு எனக்கு. ஒவ்வொண்ணா செஞ்சுட்டுதான் வந்தேன். இத எப்படிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியல. அதான், கொஞ்ச வருஷம் அந்தப் பக்கம் இருந்தா உனக்காவது நிம்மதின்னு..."

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. என் கையைப் பார்த்தேன். அந்தப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டுதான் ஓடிவந்திருந்தேன். மணிக்கட்டுப் பக்கம் இரண்டு அம்புகள் பாதி உரிந்து ஆடிக்கொண்டிருந்தன. ஒட்டாமல் மிச்சமாகும் அம்புகள் எல்லாம் என்னோடு வீட்டுக்கு வந்து, கதவைத் தள்ளும்போது கதவில், குழாயைத் திருகும்போது குழாயில், துணி மடிக்கும்போது அவர் சட்டை முதுகில்.

"ஐயோ, நான் எதையும் ஒட்டலங்க. அதுவா விழுந்தது" என்றேன். கையைக் காட்டினேன்.

கையைப் பார்த்தார். அலமாரிக் கதவைப் பார்த்தார். திரும்பவும் கையைப் பார்த்தார்.

"அந்தக் கதவு நெஜமாவே இடிச்சுதே?"

"எல்லா வீட்டுக் கதவும் இடிக்கத்தாங்க செய்யும்."

"குழாய் ஒழுகுச்சே?"

"எந்தக் குழாய் ஒழுகல?"

அலமாரிக் கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார்: "அப்ப நான்?"

எவ்வளவு சுலபமான கேள்வி! உங்களிடம் ஒன்றும் இல்லை, நீங்கள் நல்லவர், வீட்டுக்கு வாங்க. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நீங்க நல்லவர்தாங்க. ஆனா..."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அது தானாக வந்து விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேட்டரிக்காரர் அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. என் வீட்டுக்காரர் நான் மேலே சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை. "சரி" என்று தலையை ஆட்டிவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த டயருக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. பூட்டைத் திறந்து உள்ளே வந்து, படுக்கையறைக் கதவைத் தள்ளினேன். சத்தமில்லாமல் திறந்தது. மூடினேன், திறந்தேன். அடிப்பாகத்தில் அவர் இழைத்த இடம் விரலுக்கு வழவழவென்று இருந்தது. சமையலறைக்குப் போனேன், குழாய் சொட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன், ஆடவில்லை. ஜன்னல் கொக்கி பிடித்தது பிடித்தபடி நின்றது. ஒரு சட்டையைப் பார்ப்பது போல அந்த வீட்டை முதல்முறையாக ஒரு சுற்று பார்த்தேன், ஒட்ட ஒரு இடம் கிடைக்கவில்லை. நான் சொல்லாத குறையை எல்லாம் ஒரு மனுஷர் தேடித் தேடிச் சரிசெய்திருக்கிறார். நானோ அதையெல்லாம் அவர் ஓடிப்போவதற்கான அடையாளம் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாய்விட்டு அழுதேன். என்னைப் போல ஒரு மடச்சி இந்த ஊரிலேயே இருக்கமாட்டாள் என்று திட்டிக்கொண்டே அழுதேன். என்னைத் திட்டுவதில் மட்டும் அன்றைக்கு ஒரு பிசிறும் இல்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பீரோவுக்குப் பின்னாலிருந்து அந்த நீலக் குடையை எடுத்தேன். முழுக்கைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். போகிற இடத்தில் இன்னொன்று விழுந்து தொலைத்தால் என் கதை முடிந்தது. டிப்போ வாசலில் போய் நின்றேன். வேலை முடிந்து ஆட்கள் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடினார்கள். அவர் கடைசியில் வந்தார். கையில் பை இல்லை. பை அலமாரியிலேயே இருக்கிறது; காலையில் லாரி ஏறும்போது எடுத்துக்கொள்வார் என்று என் மனசு உடனே சொன்னது. அதற்கு இதெல்லாம் சொல்லியா கொடுக்க வேண்டும்?

குடைக்குள் வரச் சொன்னேன். வந்தார். இரண்டு பேரும் ஒரு குடையில் நடந்து ரொம்ப நாளாகிவிட்டது. நடை ஒத்துவரவில்லை, தோள் இடித்துக்கொண்டது. தெருத் திருப்பம் வரைக்கும் நான் வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன்.

"குடை நல்லா இருக்கு" என்றேன்.

அவர் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் பக்கவாட்டில் என்னைப் பார்த்தார்.

"ஆனா?" என்றார்.

"ஆனா இல்ல."

"தையல் தாண்டியிருக்குன்னு சொன்னியே?"

"தாண்டியிருக்குதான். தண்ணி வரல. நல்லா இருக்கு."

நம்பவில்லை. அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் அந்த 'ஆனா' வரும் என்று காத்துக்கொண்டே வந்தார், பாவம். இத்தனை வருஷப் பழக்கம். ஒரு குடையால் போய்விடுமா?

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார். "மத்தியானம் ஆனான்னு ஆரம்பிச்சியே. என்ன அது?"

"ஒண்ணுமில்லங்க. எனக்கு அந்த வார்த்தை முதல்ல வந்துரும். அப்புறம்தான் என்ன குறைன்னு தேடுவேன்."

"கிடைச்சிருக்குமா?"

"தேடினா கிடைச்சிருக்கும்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "தேடத்தான் இஷ்டமில்ல. கதவு நல்லா இருக்கு. குழாய் நல்லா இருக்கு. நீங்க போனா எனக்கு நிம்மதி கிடையாது. உங்க இஷ்டம், போறதுன்னா போங்க, ஆனா..." நிறுத்தினேன். இந்த முறை மட்டும் எனக்கு அதற்குப் பின்னால் வார்த்தை இருந்தது. "ஆனா போகாதீங்க."

அவர் சிரித்தார் என்று சொன்னால் அது கதை. சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனார். சாப்பிடும்போது போவதாகவும் சொல்லவில்லை, இருப்பதாகவும் சொல்லவில்லை. இப்படி ஒரு மௌனம் என் கையில் கிடைத்தால் அதிலிருந்து எத்தனை அனர்த்தம் நெய்வேன் என்று உங்களுக்கே தெரியும். நெய்தேன். மலைச்சரிவில் லாரி உருளுவது வரைக்கும் நெய்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

காலையில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"சாப்பாடு கட்டிட்டியா?"

கரண்டியைக் கீழே வைத்தேன். "எதுல கட்டட்டும்? வழிக்கா?"

"எந்த வழிக்கு? எப்பவும் கொண்டுபோற டப்பாலயே கட்டு. சாயங்காலம் திருப்பிக் கொண்டுவர வேணாமா?" என்றார். பிறகு, எனக்கு இன்னும் விளங்கவில்லையோ என்று, "வேற ஆளப் பாத்துக்கச் சொல்லணும் ஃபோர்மன்கிட்ட. திட்டுவாரு. திட்டட்டும்" என்றார்.

டப்பாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர், நின்று, முதுகைக் காட்டித் திரும்பினார்.

"பாத்துச் சொல்லு. எதாவது ஒட்டியிருக்கா?"

கேலியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அது கேலியாகப் படவில்லை. தோளிலிருந்து கீழ் வரைக்கும் முதுகைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். தொழிற்சாலையில் எந்தச் சட்டையையும் அவ்வளவு நிதானமாகப் பார்த்தது கிடையாது.

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

அவர் நகரவில்லை. முதுகைக் காட்டியபடியே கொஞ்சம் நின்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தை வரவில்லை என்று ஆனபிறகுதான் படியிறங்கினார்.

அவருடைய சட்டையின் கீழ் மடிப்பில், இடது பக்கம், ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. படியிறங்க இறங்க அது ஆடியது. நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா? இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.